ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டிருக்கலாம், அண்ணாச்சிக்கு போன் எழுத்து கண்ணில் நிற்காது என்று நினைவு வைத்து, தாளில் எழுதி, மலையிறங்கி வந்து தபாலில் போட்டிருக்கிறாய். அதற்காகவே இரண்டு தரம் படித்தேன்.

உன் ஒரு வார ஊழியத்தை நாள்வாரியாக எழுதி, "தப்பு இருந்தா திருத்துங்க அண்ணாச்சி" என்று கேட்டிருக்கிறாய். திங்கள் மொழிப் படிப்பு. செவ்வாய் பக்கத்து மலை ஊருக்கு நடை. புதன் சந்தை. வியாழன் காய்ச்சல் பிள்ளையோடு ஆஸ்பத்திரி. வெள்ளி உபவாச ஜெபம். சனி சிறுவர்களுக்குப் பாட்டு. ஞாயிறு காலை ஆராதனை, 23 பேர். அதோடு கடிதம் முடிந்துவிட்டது. ஞாயிறு மத்தியானம் எங்கே போயிற்று?

எனக்குத் தெரியும் எங்கே போயிற்று என்று. நம் ஊரில் ஆராதனை விட்டு வந்ததும் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவோம். அடுப்பில் கறிக்குழம்பு. திண்ணையில் அப்பா, ஐயர் பிரசங்கம் நீளம் என்று பெரியப்பா குறை சொல்வார். சாப்பிட்டபின் தெருவே தூங்கும். அந்த நேரத்தில் நீ ராஜ்மகால் மலையில், ஓர் அறையில், கயிற்றுக் கட்டிலில் படுத்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். ஹவுராவில் வண்டி மாறி வந்த அந்த மூன்று நாள் பயணம் அப்போதுதான் முழு நீளத்துக்கு விரிகிறது. வார நாட்களில் அது தெரியாது, வேலை மூடிவிடும்.

1984ல் நான் அதே மலைக்குப் போனபோது அது பீகார். சாஹிப்கஞ்ச் தனி மாவட்டமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த மத்தியானத்தை நான் வேலையால் அடைத்தேன். ஞாயிறு மாலைக்கும் ஒரு கூட்டம் வைத்தேன். யாரும் கேட்டு வைத்ததில்லை. எனக்குப் பொழுது போகாததற்கு அந்த ஊர்க்காரர்கள் வந்து உட்கார வேண்டியிருந்தது. நீ அப்படிச் செய்துவிடுவாயோ என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மற்ற நாட்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

மொழிப் படிப்பு சரியாகப் போகிறது. நீ படிக்கிற மால்தோ நமக்குத் தூரத்துச் சொந்தம் என்பதை யாராவது சொன்னார்களா? இடையன்குடியில் இருந்த கால்டுவெல் ஐயர் தம் ஒப்பிலக்கணத்தில் ராஜ்மகால் மலைமொழியையும் திராவிடக் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார். அந்த இடையன்குடி உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம். எர்னஸ்ட் ட்ரோஸ் என்ற ஜெர்மன் மிஷனெரி 1884ல் மால்தோவுக்கு ஓர் இலக்கணமே அச்சிட்டார். நான் போவதற்குச் சரியாக நூறு வருஷம் முந்தி. அங்கே 'நான்' என்பதற்கு ஏன், 'நீ' என்பதற்கு நீன். கண்ணுக்கு ஏறக்குறைய கனு. ஆனால் அந்தக் ககரம் தொண்டையின் அடியிலிருந்து வர வேண்டும், நமக்கு லேசில் வராது. தண்ணீருக்கு அமு. பழந்தமிழில் நீருக்கு அம் என்று ஒரு சொல் உண்டு. நாம் தொலைத்ததை அவர்கள் தினமும் குடத்தில் எடுத்து வருகிறார்கள். இப்படி ஒரு சொல் பிடிபடும்போது மயிர்க்கூச்செறியும். அந்தச் சந்தோஷத்தில் மொழி வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. எனக்குப் பிள்ளைகள் சிரிக்காமல் ஒரு வாக்கியம் முடிக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. நோட்டை மூடிவிட்டு, பெண்கள் ஊற்றுக்கு இறங்கும் நேரத்தில் உன் குடத்தையும் எடுத்துக்கொண்டு போ. ஊர் உச்சியில், தண்ணீர் பள்ளத்தில். ஏறி வரும்போது மூச்சு வாங்கும். அப்போது வாயில் வருகிற சொற்கள்தான் நிற்கும். தண்ணீர் எடுத்துவர ஒரு பையனை வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாயே, அதை நிறுத்து.

சந்தையைப் பற்றி ஒரே வரி எழுதியிருந்தாய். அங்கே அதிக நேரம் நில். பர்பட்டி என்று மூட்டை மூட்டையாக இறங்குவது நம் தட்டப்பயறுதான். பல மூட்டைகள் விதைக்கும் முன்பே மகாஜன் கொடுத்த கடனுக்குப் போனவை. அதைப் பார்க்காதவன் ஞாயிறன்று காணிக்கை பற்றிப் பேசக் கூடாது.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம். எட்டு வயதுப் பிள்ளைக்கு மூன்று வாரக் காய்ச்சல், இடது பக்கம் வயிறு வீங்கியிருந்தது, நீ தூக்கிக்கொண்டு இறங்கினாய். நல்ல காரியம். அந்தப் பக்கத்தில் இரண்டு வாரம் தாண்டிய காய்ச்சல் என்றால் மலேரியாவோடு காலா அசாரையும் நினைக்க வேண்டும். மணல் ஈ கடித்து வருவது. மண்ணீரல் வீங்கும், உடம்பு உருகும், விட்டால் உயிர் போகும். என் காலத்தில் நாள் தவறாமல் வாரக்கணக்கில் ஊசி. அத்தனை நாள் அடிவாரத்தில் தங்கக் கதியில்லாமல் பாதியில் மலையேறிப்போய்ச் செத்தவர்களை எனக்குத் தெரியும். இப்போது விரல் நுனி ரத்தத்தில் சோதனை, ஒரே நாளில் ஏறிவிடுகிற மருந்து. இதெல்லாம் நீயும் எழுதியிருக்கிறாய், எனக்கு எழுதிய கடிதத்தில்.

ஆனால் ஜெப அறிக்கைக்கு நீ அனுப்பிய பத்தியையும் கூடவே வைத்திருந்தாய். அதில் ஆஸ்பத்திரி இல்லை. முதலில் காய்ச்சலைக் கண்டுபிடித்து உன்னிடம் சொன்ன சஹியா, அந்த ஊர் சுகாதாரப் பணியாளர், இல்லை. அந்த அம்மாளுக்கு அரசாங்கம் கொடுப்பது சொற்பம். இருப்பதெல்லாம் நீ ஜெபித்தது, பிள்ளை எழுந்தது, மூன்று குடும்பங்கள் "ஆர்வம் காட்டியது". தம்பி, ஜெபித்தேன் என்று தாராளமாக எழுது. டிரிப் ஏற்றினார்கள் என்பதையும் எழுது. உன் ஊழியத்தைத் தாங்கும் குடும்பத்தார் அதைப் படித்து விசுவாசம் இழந்துவிட மாட்டார்கள். அவர்கள் வீட்டிலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம்தான் போகிறார்கள். இன்னொன்று. ஜார்கண்டில் 2017 முதல் மதமாற்றச் சட்டம் இருக்கிறது. ஆசை காட்டி மாற்றுவது குற்றம். பழங்குடியினர் விஷயத்தில் தண்டனை நான்கு வருஷம் வரை. அந்தச் சட்டத்தை எப்படிப் பிரயோகிக்கிறார்கள் என்பதில் எனக்குக் கசப்பு உண்டு. ஆனாலும் அது இல்லாவிட்டாலும் இதைத்தான் சொல்வேன்: மருந்துக்குப் பின்னால் ஒரு கொக்கியும் இருக்கக் கூடாது. அந்த மூன்று குடும்பங்களையும் ஆறு மாதம் உன் அறிக்கையில் நான் பார்க்கக் கூடாது.

நம் ஆட்கள் 1903லேயே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி, தெலுங்கு நாட்டுக்கு, தோர்ணக்கல் பக்கம் ஆள் அனுப்பியவர்கள். அதற்கு முன்னின்ற வெள்ளாளன்விளை அசரியா, 1910ல் எடின்பரோ மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே பேசினார். அவர்கள் செய்த தியாகத்தையெல்லாம் ஒப்புக்கொண்டு, கடைசியில் அவர் கேட்டது சிநேகம். அதை இன்றைக்கும் நாம் மேடையில் பெருமையாகச் சொல்கிறோம். நீ இருக்கும் அந்த மலையில் இப்போது வெள்ளைக்காரன் இடத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று யோசித்தாயா? பூட்ஸ் உனக்கு. போன் உனக்கு. கஷ்டம் முற்றினால் ரயிலேறிப் போக ஓர் ஊரும் உனக்கு.

இனி அந்த மத்தியானம். நான் யாருக்கும் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன்.

என் அப்பா இறந்தது நான் போன இரண்டாம் வருஷம், ஒரு சனிக்கிழமை. தந்தி அடிவாரத்துத் தபாலாபீசில் கிடந்து, சந்தைக்குப் போனவர் ஒருவர் மடியில் ஏறி வந்தபோது எட்டாம் நாள். கொண்டுவந்தவருக்குப் படிக்கத் தெரியாது. என்ன சேதி என்று கேட்டார். வீட்டில் எல்லாரும் சுகம் என்றேன். மறுநாள் ஞாயிறு. ஆராதனை நடத்தினேன், பாட்டு எடுத்துக் கொடுத்தேன், குரல் உடையவில்லை. அதைப் பெருமையாக ஊருக்கும் எழுதினேன். அனுப்பிய சபையின் பத்திரிகையில் அச்சாயிற்று. வாசித்தவர்கள் அழுதார்களாம்.

நான்கு மாதம் கழித்து வேறு பணித்தளத்து நண்பர் வந்தார். வந்ததும் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார். பக்கத்து வீட்டுக் கிழவி என் முகத்தைப் பார்த்தார், எழுந்து போய்விட்டார். பத்து நாள் பேசவில்லை. பிறகு ஊற்றுப் பாதையில் நிறுத்திக் கேட்டார்: "என் மகன் செத்தபோது நீ வந்து உட்கார்ந்தாய். உன் தகப்பன் செத்ததற்கு எங்களை ஏன் உட்கார விடவில்லை? நாங்கள் உனக்கு யார்?" எனக்கு அப்போது மால்தோ நன்றாகவே தெரியும். பதில் சொல்லத்தான் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அவரும் ஏழெட்டுப் பேரும் என் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். ஜெபமில்லை, பாட்டில்லை. அப்பா என்ன வேலை செய்தார் என்று ஒருவர் கேட்டார். பனையேறி என்றேன். பனை எவ்வளவு உயரம், எப்படி ஏறுவார், விழுந்தது உண்டா என்று இருட்டும் வரை கேட்டார்கள். அந்த ஊரில் அன்றைக்குத்தான் எனக்குத் தகப்பன் இருந்தார். மாலைக் கூட்டத்தை அதோடு நிறுத்திவிட்டேன்.

போன வாரம் உங்க அம்மாவைக் கோயிலில் பார்த்தேன். நீ பாறை மேலே ஏறி நின்று போன் பண்ணும்போதெல்லாம் "நல்லா இருக்கேன்" என்றே சொல்கிறாயாம். மக்காச்சோளக் களி முதல் மாதம் தொண்டையில் இறங்காது என்று நான்தான் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதே, அவர்களுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது, பிள்ளை உண்மையில் எங்கே இருக்கிறான் என்று தெரிந்ததில்.

இரண்டு கிலோ கருப்பட்டி பார்சலில் வருகிறது. மழைக்கு முன் வந்து சேர்ந்தால் இளகியிருக்காது. பெட்டிக்குள் பூட்டி வைக்காதே. ஞாயிறு மத்தியானம் வாசலில் வைத்து உடை. யாராவது இது எந்த மரம் என்று கேட்பார்கள். என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய், எந்த இடத்தில் சொல் கிடைக்காமல் நின்றாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

இப்படிக்கு,
அண்ணாச்சி