தாய் வௌவால்

வௌவாலைப் பறவையென எண்ணுவோர் இன்றும் உளர். அது குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கு. விலங்கியல் பயிலும் எனக்கு அதன் தாய்மையே பெருவியப்பு.

வட அமெரிக்காவின் சிறு பழுப்பு வௌவாலைக் காண்போம். இலையுதிர் காலத்தில் இணையும் பெண், அப்போதே கருவுறுவதில்லை. விந்தணுக்களைக் கருப்பையில் உயிருடன் காத்துக்கொண்டு குளிர்காலம் முழுதும் உறங்குகிறது. இளவேனிலில் விழித்த பின்னரே சினைமுட்டை வெளிப்பட்டுக் கரு உண்டாகிறது. ஏன் இத்தாமதம்? கோடையில் குட்டி பிறந்தால்தான் பாலூட்டும் தாய்க்குப் பூச்சியிரை மலிந்திருக்கும்.

ஆனால் ஆண்டுக்கு ஒரே குட்டி! 2006-இல் நியூயார்க் மாநிலத்தில் முதலில் காணப்பட்ட வெண்மூக்கு நோய் இலட்சக்கணக்கான வௌவால்களை மாய்த்தது. எலிபோல் விரைந்து பெருகி அவ்விழப்பை ஈடுசெய்ய இவற்றால் இயலாது.

நம் நாட்டுப் பெரும் பழந்தின்னி வௌவாலுக்கும் பொதுவாக ஆண்டுக்கு ஒரு குட்டியே. நண்பர்களே, மரத்தில் தொங்குவதன்மேல் கல்லெறியுமுன் இக்கணக்கை எண்ணுங்கள்.