வரிவடிவின் வனப்பும் பயனும்

ஒலியைக் கண்ணுக்குப் புலனாக்குவதே எழுத்தின் தொழில். அத்தொழிலை அழகுறச் செய்தல் கலை. அழகின்பொருட்டு அத்தொழிலையே மறத்தல் பிழை. இவ்வுண்மையை யாம் நூலினின்று கற்றிலோம். எம் கையால் நேர்ந்த பிழையொன்றினின்று கற்றோம்.

சென்ற ஆண்டு தமிழ் மன்ற விழாவிற்கு அழைப்பிதழ் அச்சிடும் பொறுப்பு ஆனர்ஸ் வகுப்பினராகிய எம்மைச் சார்ந்தது. கணிப்பொறியிலுள்ள எழுத்துருக்களுள், வலப்புறம் சாய்ந்து, கொம்புகள் கொடியெனச் சுருண்டு, கோடுகள் மயிரிழையென மெலிந்து செல்லும் ஒன்றைத் தேர்ந்தோம். திரையில் அது கண்ணைக் கவர்ந்தது. செந்நிறத் தாளிற் பொன்னிற மையால் அச்சேறியபோதோ, நுண்ணிய புள்ளிகள் யாவும் மறைந்தன. எம் ஆசிரியர் அதனைக் கையிலேந்தி, "தமிழ மனற ஆணடு விழா" என்று உள்ளது உள்ளபடியே உரக்கப் படித்தார். வகுப்பு நகைத்தது, யாம் தலை கவிழ்ந்தோம். அன்று தொட்டு, அழகெழுத்தின் இயல்பு யாது, அதற்குரிய இடம் யாது என ஆராயத் தலைப்பட்டோம்.

மேனாட்டில் இத்தகைய சாய்வெழுத்து கையெழுத்தினின்று பிறந்தது. பட்டை நுனியுடைய பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதுங்கால், கோடு ஓரிடத்துத் தடித்தும் ஓரிடத்து மெலிந்தும் இயங்கும். அவ்வேறுபாடே அதன் வனப்பு. இத்தாலிய அறிஞர் கையாண்ட அவ்வடிவை வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூஷியஸ் அச்சிற்குக் கொணர்ந்து, 1501 இல் வர்ஜிலின் பாக்களைக் கையடக்க நூலாக வெளியிட்டார். அவ்வச்சுருவை வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. ஆயினும், நாளடைவில் நூலின் உடற்பகுதி நேரெழுத்திற்கே உரியதாயிற்று. சாய்வெழுத்து நூற்பெயர், அழுத்தம் பெறும் சொல் முதலியவற்றிற்கென ஒதுக்கப்பட்டது. 1979 இல் வெளிவந்த ஹெர்மன் ஸாப்ஃபின் சான்சரி எழுத்துருவும் அம்மரபின் வழித்தோன்றலே. அழைப்பிதழும் சான்றிதழுமே அதற்கு ஏற்ற இடம்.

நம் தமிழெழுத்தின் வனப்போ வேறொரு கருவியினின்று தோன்றியது. 1943 இல் நிறுவப்பெற்ற டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம் இன்று அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரில் உளது. ஆங்குச் சென்று பழஞ்சுவடிகளைக் கண்டோம். எழுத்தாணி பேனாவைப் போன்றதன்று. அதன் கூர்முனை கீறும் கோடு எங்கும் ஒரே பருமனுடையது. ஓலையின் நரம்போடு ஒட்டி நீளக் கீறினால் ஓலை பிளக்கும். ஆதலின் வளைவுகள் பெருகின. எனவே தடிப்பும் மெலிவும் அல்ல, சீரான கோடும் இடையறாத வளைவுமே நம் எழுத்திற்கு அழகு தந்தன.

ஆனால் அவ்வழகிற்கு ஒரு விலையும் இருந்தது. ஓலையிற் புள்ளி குத்தினால் துளை விழும் என்றஞ்சி, ஏடெழுதுவோர் அதனை விட்டனர். எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் வேறுபாடின்றி நின்றன. 'பல்' என்பதோ 'பல' என்பதோ, 'பொது' என்பதோ 'போது' என்பதோ, இடம் நோக்கியே துணிய வேண்டும். காலும் ரகரமும் ஒரே உருவில் நின்றமையால் மயக்கம் மேலும் மிகுந்தது. 1887 இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த ஐயரவர்கள் ஒவ்வோரடியிலும் இம்மயக்கத்தோடு போராடியிருத்தல் வேண்டும். வீரமாமுனிவர் (1680–1747) நெடிலுக்குக் கொம்பைச் சுழித்து எழுதும் முறையை வகுத்தது இக்குறை தீர்க்கவேயாம்.

அச்சுக்கலையின் வரலாறும் தெளிவை நாடிச் சென்ற வரலாறே. 1578 இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் தமிழெழுத்தில் அச்சேறியது. தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலே நகரினின்று முதலில் வந்த தமிழெழுத்துக்கள் மிகப் பெரியனவாயிருந்தமையால், சிறியனவற்றை ஈண்டே வார்க்க நேர்ந்தது. பின்னர்ச் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் ஹண்ட் என்பவர் செம்மை செய்த எழுத்துக்கள், 1862 இல் அங்கு வெளிவந்த வின்ஸ்லோ அகராதிக்கு அணி செய்தன. சிறிதாயினும் தெளிவு குன்றாமையே அவற்றின் பெருமை.

இன்று மயிலாப்பூர் மாடவீதிகளிலும் தியாகராய நகர்க் கடைத்தெருக்களிலும் பெயர்ப்பலகைகளை நோக்கிச் செல்வார்க்கு எழுத்தின் கோலங்கள் பலவும் காட்சி தரும். அவற்றுட் சில, மேனாட்டுப் பேனாவின் தடிப்பையும் மெலிவையும் தமிழெழுத்தின்மேல் ஏற்றியவை. அவ்வாறு ஏற்றுதல் தவறன்று. ஏற்றுங்கால் மெலியும் உறுப்பு எது என்று காணாமையே தவறு. ஆங்கிலத்தில் ஐ என்னும் சிற்றெழுத்தின் மேற்புள்ளி மறைந்தாலும் சொல் கெடாது. தமிழிற் புள்ளி மறையின் மெய் உயிர்மெய்யாகி, சொல்லே வேறாகும்.

ஆதலின் மூன்று நெறிகளை யாம் எமக்கென வகுத்துக் கொண்டோம். தலைப்பு, பெயர், வாழ்த்து ஆகிய சிலசொற்களுக்கே அழகெழுத்தை ஆளுதல். நாள், இடம், நிகழ்ச்சி நிரல் ஆகியவற்றை நேரெழுத்தில் அமைத்தல். அச்சிற்கு அனுப்புமுன், உரிய தாளில் உரிய அளவில் ஒருபடி எடுத்துப் புள்ளிகளை எண்ணிப் பார்த்தல்.

இவ்வாண்டு அழைப்பிதழில் 'தமிழ் மன்றம்' என்னும் இரு சொற்கள் மட்டுமே கொடிபோல் வளைந்து நின்றன. ஆசிரியர் அதனையும் உரக்கப் படித்தார். மூன்று புள்ளிகளும் தத்தம் இடத்தில் இருந்தன. இம்முறை வகுப்பில் நகைப்பொலி எழவில்லை.