சிலோன் தாத்தா வீட்டைத் தேடுமுன்

மல்லாங்கிணறு

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதுவது.  

எச்சிலை வைத்துச் சொந்தம் கண்டுபிடிக்கிற டிஎன்ஏ சோதனைக்குப் பணம் கட்டியிருக்கிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். சிலோனுக்குப் போன சின்னத் தாத்தா வகையறாவைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று இறங்கியிருக்கிறாயாம். நல்ல காரியம்தான். காலமெல்லாம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் என்கிற முறையில் நான் சொல்வதையும் கேட்டுக்கொள்.

அந்தச் சோதனையை ரொம்ப நம்பாதே. மாமன் மகள், அத்தை மகன் என்று தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்ட கூட்டம் நாம். தூரத்துச் சொந்தத்தைக்கூட அது கிட்டத்துச் சொந்தமாகக் காட்டிவிடும். அதுவுமில்லாமல், அந்தப் பக்கத்து ஆளும் எச்சில் கொடுத்திருந்தால்தானே உனக்குப் பொருத்தம் வரும்? சிலோன் தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கிறவர்கள் எத்தனை பேர் கொடுத்திருப்பார்கள்?

கப்பல் பட்டியலும் நமக்கு உதவாது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலியாகப் போன 1,52,184 பேருக்கும் ஆளுக்கொரு எண் உண்டு. தகப்பன் பெயர், ஊர், ஜில்லா எல்லாம் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. அதை வைத்துத்தான் டர்பன்காரர்கள் பூர்வீகம் தேடி இங்கே வருகிறார்கள். சிலோன் கதை வேறு. கங்காணி வந்தான், முன்பணம் கொடுத்தான், கூட்டமாக ஆள் சேர்த்து மண்டபம் முகாமில் அடைத்து, தனுஷ்கோடி வழியாகக் கொண்டுபோனான். ஆளுக்கொரு ஒப்பந்தப் பத்திரமெல்லாம் கிடையாது. கூலி வேலைக்கு அங்கே ஆள் போவதை 1939-இல் இந்திய அரசு தடுத்துவிட்டது. என் சித்தப்பா, அதாவது உன் சின்னத் தாத்தா, அதற்கு முந்தியே, மீசை அரும்புகிற வயதில் போனவர் என்று என் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அதனால் நம் வீட்டுப் பரணிலிருந்து தொடங்கு. பழைய மொய் நோட்டுகள் தகரப் பெட்டியில் இருக்கின்றன. கல்யாணத்துக்கு வந்தவன் பெயர், அவன் அப்பன் பெயர், ஊர், தொகை என்று அதில் இருப்பது மாதிரி எந்த சர்க்கார் ஆவணத்திலும் இருக்காது. பணம் திரும்பி வரவேண்டிய கணக்கு அல்லவா, ஊர்ப் பெயரை யாரும் தப்பாக எழுத மாட்டார்கள். சில நோட்டில் தொகை பழைய தமிழ் எண்ணில் இருக்கும், நான் படித்துக் காட்டுகிறேன். உன் பெரிய அத்தை கல்யாணத்துக்கு சிலோன் மொய் வந்திருக்கிறது. கொண்டுவந்து கொடுத்தவர் பெயரும் ஒரு தோட்டத்தின் பெயரும் பக்கத்தில் இருக்கின்றன. அந்தத் தோட்டத்தை மேப்பில் தேடிக் கிடைக்கவில்லை என்று சோர்ந்துவிடாதே. துரை வைத்த பெயர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிட்ட பெயர் வேறொன்று. மலையகத்துப் பெரியவர்களிடம் கேட்டால்தான் இரண்டும் சேரும். சிவகாசியில் அச்சடித்த கல்யாணப் பத்திரிகைகளும் ஒரு கட்டு கிடக்கிறது. அடியில் பொடி எழுத்தில் இருக்கிற உறவினர் பெயர்களை விட்டுவிடாதே.

இன்னொன்று, விருதுநகர் மாவட்டம் என்று சொல்லி விசாரிக்காதே. இந்த மாவட்டம் பிறந்ததே 1985-இல். சின்னத் தாத்தா வகையறா வீட்டில் பூர்வீகம் கேட்டால் ராமநாதபுரம் ஜில்லா என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அவர்கள் இப்போது சிலோனில்தான் இருக்கிறார்கள் என்றும் நினைத்துக்கொள்ளாதே. 1948-இல் தோட்டத் தமிழர்களின் குடியுரிமையை அங்கே பறித்தார்கள். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எழுதிக்கொண்டார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தை 1974-இல் இரண்டு நாடும் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டன. நான் எழுதாத பாகப்பிரிவினைப் பத்திரமா? ஆனால் மனுஷரையே பிரித்துப் போட்ட பத்திரம் அது ஒன்றுதான். அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு என்று ஆனது. தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றி வந்த ரயிலுக்கு ‘அழுகைக் கோச்சி’ என்றே பெயர். திரும்பி வந்தவர்களைக் கூடலூர், கோத்தகிரியில் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் வைத்தார்கள். கர்நாடகத்தில் சுள்யா, புத்தூர் ரப்பர்க் காட்டுக்கும் அனுப்பினார்கள். இலங்கையிலேயே தங்கியவர்களில் கலவரத்துக்குப் பயந்து வன்னிப் பக்கம் போனவர்களும் உண்டு. ஆகவே மலையகத்து ஹட்டனில் விசாரிக்கிற அதே நேரத்தில் கூடலூரிலும் விசாரி. தாயகம் திரும்பியவர்கள் கண்டியில் வாங்கிய குடும்ப அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதில் வீட்டு ஆட்கள் பெயரெல்லாம் இருக்கும்.

இதெல்லாம் உனக்குச் சுலபம், செய்துவிடுவாய். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

வடக்கே இருக்கிற நம் கரிசல் காடு பூர்வீகச் சொத்து. மூலப் பத்திரத்தில் என் தாத்தா பெயர் இருக்கிறது. பட்டா என் அப்பா பெயருக்கு மட்டும் மாறியிருக்கிறது. சித்தப்பா எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. பல வருஷம் நாம்தான் உழுதோம் என்று சொல்லலாம், ஆனால் கூட்டுப் பங்காளிக்கு எதிராக அனுபவ பாத்தியம் நிரூபிப்பது லேசில்லை. நீ அவர்களைக் கண்டுபிடிக்கிற அன்றைக்கு இந்தக் கேள்வியும் கூடவே வரும். ரத்த பாசத்தால் தேடிப் போனவர்களை, கையெழுத்து வாங்க வந்திருக்கிறார்கள் என்று எதிர்த் தரப்பு நினைத்துக் கதவைச் சாத்தியதை என் தொழிலில் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். திரும்பி வந்தவர்களைச் ‘சிலோன்காரர்கள்’ என்று சொந்தக்காரர்களே ஒதுக்கிய கதையும் ஊருக்கு ஊர் உண்டு. நம் வீட்டு வாசலுக்கு யாராவது வந்து திரும்பிப் போனார்களா என்று உன் அப்பத்தாவைக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

ஆகையால் ஆளைக் கண்டுபிடித்ததும் திடுதிப்பென்று போன் போடாதே. ஃபேஸ்புக்கில் குழந்தைகள் போட்டோவை எடுத்து நம் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போடுகிற வேலையும் வேண்டாம். தபாலில் ஒரு கடிதம் எழுது, தமிழில். நாம் யார், எந்த ஊர், குலதெய்வம் எது, கொள்ளுத் தாத்தா பெயர் என்ன என்பதைச் சொல். குலதெய்வத்தின் பெயரைப் பார்த்தால் நிஜமா பொய்யா என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை என்பதையும் எழுதிவிடு. அவர்கள் கூப்பிட்டால், சின்னத் தாத்தாவின் பிள்ளைகளை என்னைவிட மூத்தவரா இளையவரா என்று பாராமல் உன் அப்பாவின் வயதை வைத்து பெரியப்பா, சித்தப்பா என்று கூப்பிடு. ‘அங்கிள்’ வேண்டாம்.

மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் வரி வசூலிக்கிறவரிடம் என் போன் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறேன். அவர்கள் நம்மைத் தேடினால் அங்கேதான் முதலில் வருவார்கள். சிலோன் பங்காளி யாராவது வந்து கேட்டால் உடனே கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.

காட்டில் பங்கு கேட்டால் கொடுப்பதா, ரொக்கமாகத் தருவதா என்பதை நீயும் உன் அப்பாவும் பேசி முடிவு செய்து எனக்கு எழுதுங்கள். என்னைக் கேட்டால், கொடுப்பதுதான் முறை. அந்தப் பதில் வந்த பிறகு மொய் நோட்டுப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா