கேஸ் அடுப்பும் விறகு அடுப்பும் ஒரே குசினியில்

விறகு அடுப்புக்குப் பக்கத்திலேயே கேஸ் அடுப்பும் இருக்கும் குசினிகள் இப்போது தோட்டங்களில் பல. பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் தேத்தண்ணிக்கு கேஸ், சோறு ஆக்க விறகு. இரண்டும் இருப்பது வசதிதான். ஆனால் இரண்டையும் ஒரே மூலையில் வைப்பது சரியில்லை.

சமையல் கேஸ் காற்றைவிடப் பாரமானது. புகை மாதிரி மேலே ஏறிக் கூரை வழியாகப் போய்விடாது. கசிந்தால் தரையோடு பரவிப் பள்ளத்தில் தங்கும். தரையில் எரியும் விறகு அடுப்பை அது எட்டினால் போதும். குளிருக்குக் கதவு, ஜன்னலை அடைத்துவிடுகிறோம். கேஸ் வெளியேற வழியும் இல்லை. லயத்தில் ஒரு காம்பராவில் பிடிக்கும் தீ அதோடு நிற்காது என்பது உங்களுக்குத் தெரியாததா? ஆகவே சிலிண்டரை விறகு அடுப்பிலிருந்து முடிந்த மட்டும் தள்ளி, நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைக்கவே கூடாது.

2021 கடைசி மாதங்களில் நாட்டின் பல இடங்களில் கேஸ் வெடிப்புகள் நடந்தபோது, சவர்க்கார நுரையால் சோதிப்பதைப் பலரும் பழகினோம். அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டாம். புதுச் சிலிண்டர் மாட்டும்போதெல்லாம் செய்யுங்கள். முதலில் விறகு அடுப்பைத் தணல்கூட இல்லாமல் அணைத்து, கதவைத் திறந்து வையுங்கள். அடுப்புத் திருகுகளை மூடி, ரெகுலேட்டரைத் திறந்து, அதன் மேலும் குழாயின் இரு முனையிலும் நுரையைத் தடவுங்கள். குமிழி ஊதி வந்தால் கசிவுதான். நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்ப்பவர்களும் உண்டு. அதைப்போல ஆபத்து வேறில்லை. ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்போ எலி கடித்த தடமோ இருந்தால் டேப் சுற்றி ஒப்பேற்றாமல் மாற்றிவிடுங்கள்.

சுவாலை நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து சட்டியின் அடி கரிபிடித்தால் பர்னர் அடைத்திருக்கலாம். அப்படி எரியும்போது மணமில்லாத நச்சுவாயுவும் உண்டாகும். அடைத்த அறையில் அது ஆளையே கொல்லும். ரெகுலேட்டரை மூடி, அடுப்பு ஆறிய பின் பர்னர் மூடிகளைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பொங்கி வழிந்த கஞ்சி துவாரங்களில் காய்ந்திருந்தால் மெல்லிய கம்பியால் எடுக்கலாம், துவாரத்தைப் பெரிசாக்காமல். நன்றாகக் காய்ந்த பிறகே பூட்டுங்கள். பல நாள் பாவிக்காத அடுப்பென்றால் காற்றுப் போகும் வழியில் சிலந்தி வலை கட்டியிருக்கும், அதையும் பாருங்கள். உள்ளே இருக்கும் ஜெட்டை மட்டும் குத்த வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேஸுக்கு இயற்கையில் மணம் இல்லை. கசிவு தெரியத்தான் அந்தக் கெட்ட மணத்தைச் சேர்க்கிறார்கள். மணம் வந்தால் லைட் சுவிட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கைக்கெட்டினால் ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்துவிட்டு, பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். விறகு அடுப்பை அணைக்கிறோம் என்று உள்ளே நிற்காதீர்கள். பக்கத்துக் காம்பராக்களுக்கும் குரல் கொடுங்கள். அங்கேயும் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.