கஅபாவின் மேல் எழுதியிருப்பது யாருக்காக?

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டு ஹாஜியார் மக்காவில் எடுத்த படங்களைக் காட்டினார். கஅபாவைப் போர்த்தியிருக்கும் கறுப்புத் துணியில் தங்க எழுத்துகள் மின்னுகின்றன. சிலர் அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். அந்த எழுத்துகளுக்கு ஏதோ சக்தி உண்டு என்று நம்புகிறார்களா? அரபி தெரியாதவர்களுக்கு அதனால் என்ன பயன்?
– ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: அன்புச் சகோதரி, இரண்டாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஹஜ் முடித்து வந்தவர்களிலேயே பலர் அதைக் கேட்டுக்கொள்வதில்லை. ஆனால் முதல் கேள்விக்குப் பதில் சொன்னால்தான் அதற்கு வழி திறக்கும்.

எழுத்துகளுக்கோ துணிக்கோ தனியாகச் சக்தி இருப்பதாக இஸ்லாம் சொல்லவில்லை. கஅபாவின் மூலையில் பதிந்திருக்கும் ஹஜருல் அஸ்வத் என்னும் கறுப்புக் கல்லை முத்தமிட வந்த கலீஃபா உமர் என்ன சொன்னார் தெரியுமா? நீ வெறும் கல், உன்னால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை, நபிகள் நாயகம் முத்தமிட்டதைப் பார்த்திராவிட்டால் நானும் முத்தமிட மாட்டேன் என்ற பொருளில் பேசினார். கல்லுக்கே அப்படி என்றால் துணிக்கு எப்படி இருக்கும்! கஅபாவைச் சுற்றும்போது நபிகள் தொட்டது இரண்டே மூலைகளை: கறுப்புக் கல் இருக்கும் மூலை, யமன் திசையை நோக்கிய மூலை. போர்வையைத் தொடுவது ஹஜ்ஜின் கடமைகளில் சேராது.

அப்படியானால் அழுபவர்கள்? அவர்களில் பலர் நிற்கும் இடம் முல்தஸம். கறுப்புக் கல்லுக்கும் கஅபாவின் கதவுக்கும் நடுவில் சுமார் இரண்டு மீட்டர் சுவர். அங்கே நெஞ்சையும் கன்னத்தையும் பதித்து துஆ கேட்பது, அதாவது இறைவனிடம் மனம்விட்டு வேண்டுவது, பழைய வழக்கம். கை துணியின் மேல் இருக்கும், பேச்சு இறைவனோடு இருக்கும். துணியிலிருந்து ஒரு நூலாவது கொண்டுபோகலாம் என்று நினைப்பவர்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதனால்தான் ஹஜ் காலத்தில் போர்வையின் கீழ்ப்பகுதியை ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரத்துக்குச் சுருட்டிவிட்டு, அங்கே வெள்ளைப் பருத்தித் துணி சுற்றிவிடுகிறார்கள்.

இனி எழுத்துக்கு வருவோம். போர்வைக்கு கிஸ்வா என்று பெயர். அதில் இரண்டு வகை எழுத்து உண்டு. படத்தில் நீங்கள் பார்த்தது ஒன்றைத்தான். மற்றொன்று கறுப்புப் பட்டிலேயே கறுப்பு இழையால் நெய்தது. ஒரே நிறப் பட்டுச் சேலையில் நெய்த புட்டா, வெளிச்சம் சாய்வாகப் படும்போது மட்டும் தெரியுமே, அதுபோல. ‘யா அல்லாஹ்’ என்ற அழைப்பும், இறைவன் ஒருவனே, முகம்மது அவன் தூதர் என்று உறுதி சொல்லும் கலிமாவும் அதில் மீண்டும் மீண்டும் வருகின்றன. 1927இல் சவூதி மன்னர் அப்துல் அஜீஸ் மக்காவிலேயே கிஸ்வா பட்டறையைத் தொடங்கியபோது அங்கே தறியில் உட்கார்ந்தவர்களில் இந்திய நெசவாளர்களும் இருந்தார்கள். அதற்கு முன் பல நூற்றாண்டுகள் அது எகிப்திலிருந்து ஒட்டகத்தில் வந்துகொண்டிருந்தது.

தங்க எழுத்து இருப்பது ஹிஸாம் என்னும் பட்டையில். துணியின் மேல்பகுதியில் நான்கு பக்கமும் சுற்றி வரும் அதன் நீளம் சுமார் 47 மீட்டர், அகலம் 95 சென்டிமீட்டர். தங்க முலாம் பூசிய வெள்ளி இழையால் கையால் தைத்த எழுத்து அது. கதவுக்கு முன் தனியாக ஒரு திரையும் உண்டு. எல்லாமே இறைவசனம் அல்ல. கிஸ்வா மக்காவில் தயாரானது, இன்ன மன்னர் வழங்கினார் என்ற குறிப்பும் அதில் உண்டு.

இறைவசனங்களை எப்படித் தேர்ந்திருக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கதவு இருக்கும் பக்கத்துப் பட்டையில் வருவது, இந்த வீட்டை மக்கள் திரும்பத் திரும்ப வந்து கூடும் இடமாக, அச்சமற்ற இடமாக ஆக்கினோம் என்று இறைவன் சொல்லும் வசனம். பட்டையில் வேறோரிடத்தில் இப்ராஹீம் நபிக்கு வந்த கட்டளை: ஹஜ்ஜுக்கு வரும்படி மக்களை அழையுங்கள், நடந்தும் மெலிந்த ஒட்டகங்களில் ஏறியும் தொலைதூரங்களிலிருந்து வருவார்கள் என்பது. கதவுத் திரையில் இன்னும் நெருக்கமான ஒன்று. 628இல் உம்ரா என்னும் சிறிய புனிதப் பயணத்துக்குப் புறப்பட்ட நபிகளும் தோழர்களும் ஹுதைபிய்யா என்ற இடத்தில் தடுக்கப்பட்டுத் திரும்பினார்கள். மனம் உடைந்திருந்த அவர்களுக்கு, பயமில்லாமல் இந்தப் பள்ளிவாசலுக்குள் நுழைவீர்கள், தலை மழித்தும் முடி குறைத்தும் இருப்பீர்கள் என்று வந்தது அந்த வசனம். மறு ஆண்டு நுழைந்தார்கள். இன்று மழித்த தலையோடு அதன் முன்னால் நிற்கிறவர் தன்னைப் பற்றிய வரியின் எதிரில்தான் நிற்கிறார். அதே திரையில், தனக்குத் தானே தீங்கு செய்துகொண்டவர்களும் இறைவனின் கருணையில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்ற வசனமும் இருக்கிறது. அழுகைக்குக் காரணம் தேட இதற்கு மேல் போக வேண்டாம் என்பது என் எண்ணம்.

ஆக, அது மந்திர எழுத்து அல்ல, அழைப்பு. ஊரிலிருந்து புறப்பட்டவர்கள் ‘லப்பைக்’ என்று வழிநெடுகச் சொல்லி வரும் தல்பியா, இதோ வந்துவிட்டேன் என்னும் முழக்கம், அந்த அழைப்புக்குத்தான் பதில்.

அரபி தெரியாவிட்டால்? தெரிந்தவர்களுக்கும் அங்கே நடந்துகொண்டே வாசிப்பது கடினம். எழுத்தின் பாணி சுலுஸ். நீண்ட கோடுகள் ஒன்றையொன்று வெட்டி மேலும் கீழும் அடுக்கிச் செல்லும் அலங்கார வடிவம். இன்னொன்றையும் கவனியுங்கள். தவாஃப் என்பது கஅபா தன் இடக்கைப் பக்கம் இருக்கும்படி ஏழு முறை சுற்றுவது. அரபி வலமிருந்து இடமாக ஓடும். சுற்றுகிறவர் சுவரைப் பார்த்தால் இடமிருந்து வலமாக நகர்கிறார்; வரியின் முடிவுதான் அவருக்கு முதலில் வருகிறது! எனவே அங்கே போய்ப் படித்துத் தெரிந்துகொள்ளும் எழுத்தாக அதை நினைக்க வேண்டாம். முன்பே மனத்தில் இருப்பதை அடையாளம் காணும் எழுத்து அது. நம் ஊர் முஸ்லிம் பிள்ளைகள் மதரஸாவில் அலிஃப், பே தொடங்கி எழுத்துக் கூட்டி ஓதப் பழகுகிறார்கள்; மொழி தெரியாவிட்டாலும் அல்லாஹ் என்ற பெயரையும் கலிமாவையும் கண் உடனே பிடித்துக்கொள்ளும். பல ஆண்டுகள் கிஸ்வாவுக்கு எழுதிய முக்தார் ஆலமும் அரபு நாட்டில் பிறந்தவர் அல்ல, வங்கதேசத்தவர். அவருக்கு 2021இல் சவூதி குடியுரிமை கிடைத்தது.

மொழிபெயர்ப்பில் படிக்க விரும்பினால் மேலே சொன்னவை குர்ஆனில் இருக்கும் இடங்கள்: 2:125, 22:27, 39:53, 48:27. நல்ல தமிழ் மொழிபெயர்ப்புகள் பல கிடைக்கின்றன. முதல் எண் அத்தியாயம், அடுத்தது வசனம்.