நோட்டில் இருப்பது கைக்கு வரவில்லையே!

கேள்வி: சுங்கை வே தொழிற்பேட்டையில், மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் லைன் லீடராக இருக்கிறேன். கம்பெனி அனுப்பி ஏழெட்டு கோர்ஸ் முடித்துவிட்டேன். குறிப்பு எழுதியதே மூன்று நோட்டு. ‘ஐந்து ஏன்’ முறை மனப்பாடம். ஆனால் மெஷின் நின்றால் கை ரீசெட் பட்டனுக்குத்தான் போகிறது. போன மாதம் ஒரே கோளாறு நான்கு முறை வந்தது. “படிச்சு என்ன பிரயோஜனம்?” என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். நான் சோம்பேறியா, ஐயா?
– வாசகி, சுங்கை வே

பதில்: சோம்பேறி மூன்று நோட்டு எழுதமாட்டார், சகோதரி. மெஷின் நின்று மணி அடிக்கிறது, அன்றைய உற்பத்தி எண்ணிக்கை துரத்துகிறது. அந்த நேரத்தில் மனம் படித்ததைத் தேடாது. கை பழகியதைச் செய்துவிடும்.

கோளாறின் வேரைக் காண மீண்டும் மீண்டும் ‘ஏன்’ என்று கேட்கும் ‘ஐந்து ஏன்’, டொயோட்டா தொழிற்சாலையில் பொறியாளர் தாயிச்சி ஓனோ வளர்த்த முறை. அங்கே கோளாறைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து லைனையே நிறுத்த முடியும். கேள்வி கேட்க நேரமும் உரிமையும் அந்தக் கயிற்றோடு வந்தன. உங்களுக்குக் கேள்வியை மட்டும் கற்றுக்கொடுத்தார்கள், கயிற்றைக் கொடுக்கவில்லை. நம் மலேசியாவில் பல முதலாளிகள் சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டைப் பயிற்சி நிதிக்குக் கட்டுகிறார்கள். வகுப்புக்குப் பணம் இருக்கிறது. வகுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில், படித்ததைச் செய்துபார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்கத்தான் பல இடங்களில் மனம் வருவதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆனால் பழகிய கையை மாற்ற உங்களிடமே ஒரு வழி உண்டு. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் மாணவர்களிடம் ஒன்றைச் சோதித்தார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுத வேண்டும். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்தவர்களில் 10-க்கு 7 பேர் முடித்தார்கள். குறிக்காதவர்களில் 10-க்கு 3 பேர்தான்.

ஆகவே ‘இனி கவனமாக இருப்பேன்’ என்ற முடிவு போதாது. ரீசெட் பட்டன் பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் தொங்கவிடுங்கள். மணி அடித்தால், பட்டனைத் தொடுமுன், நேரத்தையும் மெஷின் காட்டும் கோளாறு எண்ணையும் ஒரு வரி எழுதுங்கள். பத்து விநாடி வேலை. ‘ஏன்’ எல்லாம் அப்போது வேண்டாம். ஒரே எண் இரண்டாம் முறை வந்தால் மட்டும், ஷிப்ட் முடிந்ததும் டெக்னீஷியனோடு உட்காருங்கள்.

ஒரு வாரத் தாளோடு சூப்பர்வைசரைத் தனியாகப் பாருங்கள். “ஒரே ஷிப்ட்ல ரெண்டாவது தடவை வந்தா, அஞ்சு நிமிஷம் லைனை நிறுத்த விடுங்க சார்” என்று கேளுங்கள். தாளைப் பார்த்தபின் மறுப்பது அவருக்கும் சுலபமில்லை.

எந்த எண் அதிகம் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த ‘ஏன்’-ஐ அங்கிருந்து பார்ப்போம்.