தூண்டில் மீன்: எடுப்பதும் விடுவதும்

வடகிழக்குப் பருவமழையால் ஏரிகள் நிரம்பியபின், சிறுசேரி வட்டாரத்தில் வீட்டுக் குழம்புக்காகத் தூண்டிலிட விரும்பும் அங்கத்தினர்களுக்கு இப்பாடம் பயன்படும் என நம்புகிறோம்.

வலை, சிக்கியதையெல்லாம் வாரிவிடும். தூண்டிலோ ஒரு நேரத்தில் ஒரு மீனையே தரும். ஆகவே எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் வாய்ப்பும் பொறுப்பும் தூண்டிலிடுவோருக்கு உண்டு.

கருவிகள்: மூங்கிற்கழி, நைலான் நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, முள் ஆகிய ஐந்தும் போதும். முள்ளின் அளவு மீனின் வாயைப் பொறுத்தது.

சிலேபி: இதன் வாய் சிறிது. சிறு முள்ளில் மண்புழுத் துண்டையோ பிசைந்த மாவையோ கோத்து, தக்கை அமிழ்ந்ததும் சுண்டியிழுக்க வேண்டும். 1952-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொணரப்பட்ட இம்மீன் விரைந்து பெருகி, நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பறிக்கிறது. ஆதலால் சிறிதாயினும் திரும்ப விடவேண்டா.

கெளுத்தி: இஃது அடித்தரையில் இரை தேடும், அந்தியிலும் இரவிலும் நன்கு கடிக்கும். மண்புழுவை ஈயத்தின் துணையால் அடியில் தங்கவிடுக. முதுகிலும் செவுளை அடுத்த துடுப்புகளிலும் உள்ள முட்கள் குத்தினால் கடுக்கும். தடித்த துணியால் பிடித்தே முள்ளைக் கழற்றுக.

விரால்: இது காற்றைச் சுவாசிக்க அடிக்கடி மேலே வரும். அவ்விடத்தையும் கோரைப்புல் ஓரத்தையும் கவனித்து, பெரிய முள்ளில் சிறு மீனையோ தவளையையோ கோத்து, உறுதியான நரம்பில் இடுக.

இங்கே ஓர் எச்சரிக்கை. செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாய் மேலெழுந்து நீரைக் கலக்கினால், அவற்றின் கீழே பெற்ற மீன்கள் காவல் நிற்கும். அந்நேரம் அவை பசியால் அன்றி, குஞ்சுகளைக் காக்கவே இரையின்மீது பாயும். எளிதில் அகப்படும் என்பதால் சிலர் அங்கேயே தூண்டிலிடுகின்றனர். காவல் நீங்கினால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். ஒரு நாட் குழம்புக்காக அடுத்த ஆண்டின் விளைவே அழியும். வட்டியை உண்ணலாம், முதலை உண்ணலாகாது என்பதைச் சங்கத்தார்க்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஏரி குத்தகைக்கு விடப்பட்டிருப்பின், குத்தகைதாரர் கூட்டுறவுச் சங்கமாயினும் தனியாராயினும், முன்னரே அனுமதி பெறுக. கழிவுநீர் கலக்கும் நீர்நிலையின் மீனை உண்ணற்க. குஞ்சுக் கூட்டம் கண்ட இடத்தைப் பிறருக்கும் காட்டி, அங்குத் தூண்டிலிடாதிருக்கச் செய்க.